பழைய டிராக்டருக்கு இரண்டு விலை

1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினியாபொலிஸ்-மொலின் நிறுவனம் யு.டி.எல்.எக்ஸ். என்ற டிராக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாற்புறமும் மூடிய ஓட்டுநர் அறை, வெப்பமூட்டி, வானொலி, மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் என்று அக்காலத்து டிராக்டரில் யாரும் எதிர்பாராத வசதிகள் அதில் இருந்தன. பகலில் நிலத்தை உழுதுவிட்டு மாலையில் அதே வண்டியில் ஊருக்குள் போய்வரலாம் என்பது விற்றவர்களின் வாதம். விவசாயிகள் அதை ஏற்கவில்லை. சுமார் 150 வண்டிகளோடு உற்பத்தி முடிந்துபோனது. இன்று அவற்றில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போவது உண்டு.

இன்னொரு பக்கம் ஃபோர்ட்சன் எஃப். 1917 முதல் 1928 வரை அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேல் தயாரான டிராக்டர் அது. 1922-இல் அதன் விலை 395 டாலராகக் குறைக்கப்பட்டபோது, அதுவரை குதிரையை நம்பியிருந்த சிறு விவசாயிகளுக்கும் டிராக்டர் எட்டும் பொருளாயிற்று. விவசாய வரலாற்றில் இவ்விரண்டில் எது பெரியது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. ஆனால் விற்கப் போனால், சாதாரண ஃபோர்ட்சன் ஒன்றுக்கு யு.டி.எல்.எக்ஸின் விலையில் மிகச் சிறிய பங்குதான் கிடைக்கும்.

பழைய டிராக்டர்களின் விலையைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவரை முதலில் குழப்புவது இந்த முரண்தான். நன்றாக உழைத்த வண்டி மலிவாகவும், யாரும் வாங்காத வண்டி விலை உயர்ந்ததாகவும் இருப்பதோடு குழப்பம் நிற்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் போட்டி போட்டு வாங்கப்பட்ட ஒரு வகை இன்று கேட்பாரற்று நிற்கிறது. அப்போது வெறும் பழைய வண்டியாகக் கருதப்பட்ட இன்னொரு வகை இன்று ஏறிக்கொண்டே போகிறது. ஒரு பழைய டிராக்டருக்கு ஒரே விலைதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை இவை எதுவும் பிடிபடாது. அதற்கு உழைப்பு விலை ஒன்றும் நினைவு விலை ஒன்றும் ஆக இரண்டு விலைகள் உண்டு. இந்தப் பெயர்கள் விளக்க வசதிக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் அவை குறிக்கும் இரு வகை வாங்குபவர்களை எந்த ஏலக் களத்திலும் நேரில் பார்க்கலாம்.

விலை இறங்கி நிற்கும் இடம்

புதிய டிராக்டர் ஒன்றின் விலை முதல் சில ஆண்டுகளில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். இதைத்தான் தேய்மானம் என்கிறோம். இரும்பு தேய்வது அதில் ஒரு பகுதியே. அதைவிட நல்ல டிராக்டர் ஒன்று அடுத்து வந்துவிடுவதும், உதிரிபாகம் கிடைப்பது அரிதாவதும், பழுதாகி அறுவடை நாளில் நின்றுவிடுமோ என்ற அச்சம் கூடுவதும் சேர்ந்தே விலையைக் கீழே தள்ளுகின்றன.

அந்த இறக்கத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு. எதற்கும் உதவாத டிராக்டரும் எடைக்குப் போகும். அதற்குச் சற்று மேலே, பிரித்துப் பாகம் பாகமாக விற்றால் கிடைக்கும் தொகை நிற்கும். லட்சக்கணக்கில் தயாரான வகைகளில் இந்தப் பாக விலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் நிறைய இருக்கும்வரை நல்ல கியர் பெட்டிக்கும் விரிசல் இல்லாத என்ஜின் பிளாக்குக்கும் ஆள் இருப்பார்கள். பெரும்பாலான டிராக்டர்கள் இந்த அடித்தளத்துக்கு அருகிலேயே தங்கள் கடைசி ஆண்டுகளைக் கழித்துவிட்டு உருக்காலைக்குப் போய்விடுகின்றன. மிச்சமிருப்பவற்றின் விலை எப்படி ஏறுகிறது என்பதே நம் கேள்வி.

உழைப்பு விலை

உழைப்பு விலையைக் கணிப்பது எளிது என்று தோன்றும். இந்த வண்டி என் வேலையைச் செய்யுமா, அதே வேலையைச் செய்ய வேறு வண்டி வாங்கினால் எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் அது. ஆனால் 70 அல்லது 80 வயதான டிராக்டரும் ஏன் இன்னும் வேலைக்காக வாங்கப்படுகிறது என்பதற்குக் கொஞ்சம் பொறியியலைத் தொட வேண்டும்.

ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் மூன்று முனை இணைப்பு, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. பின்னர் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபெர்குசன் டி.ஈ.20-இலும் அதுவே இருந்தது. கலப்பையையோ சமன்படுத்தும் தகட்டையோ டிராக்டருக்குப் பின்னால் இழுத்துச் செல்லாமல், டிராக்டரின் உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு பிற்காலத்தில் உலகெங்கும் பொது அளவாயிற்று. அதனால்தான் இன்று தயாராகும் சிறிய கருவி ஒன்றை 1940-களின் டிராக்டரிலும் மாட்டிவிட முடிகிறது. இந்த இணைப்பு இல்லாத அதே காலத்து வண்டி எவ்வளவு பலமானதாக இருந்தாலும், இன்று தோட்ட வேலைக்கு டிராக்டர் தேடுபவர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்.

அதே சமயம், உழைப்பு விலைக்கு உச்சவரம்பு விதிப்பதும் பொறியியல்தான். 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபோர்டு 8என்-ஐ எடுத்துக்கொள்வோம். கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு அதில் கியர் பெட்டியோடு பிணைந்தே ஓடுகிறது. பின்னால் புல்வெட்டும் கருவியை மாட்டி ஓட்டும்போது வேலி அருகே வந்ததும் கிளட்ச்சை மிதித்தால், என்ஜின் விடுபட்டுவிடும். ஆனால் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் கனமான வெட்டுத்தகடு தன் உந்தத்தால் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி கியர் பெட்டி வழியாகச் சக்கரத்துக்குப் போய், கிளட்ச் மிதித்த நிலையிலேயே டிராக்டரை வேலிக்குள் தள்ளிக்கொண்டு போகும். ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் சிறிய இணைப்பு ஒன்றைத் தண்டில் மாட்டினால் இது தீர்ந்துவிடும். ஆனால் கிளட்ச்சை மிதித்தாலே ஹைட்ராலிக் தூக்கியும் நின்றுவிடும் என்ற குறையை அதனால் தீர்க்க முடியாது. கிளட்ச்சைப் பொருட்படுத்தாமல் ஓடும் பி.டி.ஓ. கொண்ட, சற்றுப் பிற்காலத்து டிராக்டர்கள் வேலைக்காக வாங்குபவரிடம் கூடுதல் விலை பெறுவதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

இவ்வளவு ஏன், 8என் என்ற ஒரே பெயருக்குள்ளும் விலை மாறும். 1950-இல் அதன் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்தளிக்கும் பாகம், என்ஜினின் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றப்பட்டது. முன்பக்கத்தில் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் கை வைக்க முயன்றவர்கள், பக்கவாட்டில் இருக்கும் பிந்தைய வண்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்கத் தயங்குவதில்லை.

உழைப்பு விலை காலப்போக்கில் இறங்க மட்டுமே செய்யும் என்றுதான் நீண்ட நாள் எண்ணப்பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியது மின்னணுவியல். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகியதால், குறிப்பாக அமெரிக்காவில் 2008-க்குப் பின் நடைமுறைக்கு வந்த நான்காம் அடுக்கு விதிகளால், புதிய டீசல் டிராக்டர்களில் உணரிகளும் கட்டுப்பாட்டுக் கணினிகளும் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகளும் பெருகின. அவை சுற்றுச்சூழலுக்கு நல்லவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓர் உணரி பழுதானால் வண்டியே நின்றுவிடுவதும், பழுதைக் கண்டறியும் மென்பொருள் விற்பனை நிலையத்தாரிடம் மட்டும் இருப்பதும், அவர்கள் வந்து சேரும்வரை பயிர் காத்திராததும் விவசாயிகளுக்கு நேர்ந்த அனுபவம். ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் கொட்டகையிலேயே பழுது பார்க்கக்கூடிய 1970-களின் டிராக்டர்களை அவர்கள் மீண்டும் தேடத் தொடங்கினர். 2019-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், 826 மணிநேரம் மட்டுமே ஓடியிருந்த 1979-ஆம் ஆண்டின் ஜான் டியர் 4640 ஒன்று 61,000 டாலருக்கு விலைபோனது. நாற்பது வயதான அந்த வண்டியை யாரும் காட்சிக்கு வைக்கும் பொருள் என்று சொல்ல மாட்டார்கள். ஆயிரக்கணக்கான மணிநேரம் இன்னும் உழைக்கவிருக்கும் இயந்திரமாகவே அதற்கு அந்த விலை கிடைத்தது.

நினைவு விலை

இரண்டாவது விலையைக் கொடுப்பவர் டிராக்டரை வேலைக்காக வாங்குவதில்லை. சிறு வயதில் தந்தையின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்த வண்டி, குடும்பம் நொடித்தபோது விற்கப்பட்ட வண்டி, பக்கத்து நிலத்துக்காரர் வைத்திருந்து தமக்குக் கிடைக்காமல் போன வண்டி ஆகியவற்றையே அவர் தேடுகிறார். ஜான் டியர் நிறுவனம் 1960 வரை தயாரித்த இரண்டு சிலிண்டர் டிராக்டர்கள் இடைவெளி விட்டு விட்டு எழுப்பும் வெடிப்பொலியைக் கேட்டு வளர்ந்தவருக்கு, அந்த ஒலிக்காகவே ஒரு வண்டி வேண்டும். அது எத்தனை குதிரைத்திறன் கொண்டது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

நினைவு விலை வயதோடு சேர்ந்து நகர்கிறது. ஒருவர் பத்து வயதில் பார்த்த டிராக்டரை வாங்கும் அளவுக்குப் பணமும் ஓய்வும் கொட்டகையில் இடமும் பெறுவதற்கு ஐம்பது வயதைத் தாண்டிவிடுகிறது. எனவே எந்த வகை டிராக்டருக்கும், அது வயலில் செழிப்பாக ஓடிய காலத்திலிருந்து சுமார் நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து நினைவு விலை உச்சத்தை நெருங்கும். 1930-களிலும் 1940-களிலும் வந்த ஃபார்மால் எச், ஃபார்மால் எம், ஜான் டியர் ஏ, பி போன்றவற்றுக்கு அந்தக் காலம் வந்து போய்விட்டது.

போன பிறகு நடப்பதைத்தான் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஒரு தலைமுறைச் சேகரிப்பாளர்கள் முதுமை எய்தும்போது விலை இரண்டு பக்கமிருந்தும் தாக்கப்படுகிறது. வாங்குபவர்கள் குறைகிறார்கள்; அதே நேரத்தில் அவர்கள் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவை, வாரிசுகளால் ஒரே நாளில் பத்து இருபது வண்டிகளாக ஏலத்துக்கு வருகின்றன. லட்சக்கணக்கில் தயாரான வகை என்றால், நன்றாகப் புதுப்பித்து வைத்திருந்த வண்டியும் உழைப்பு விலைக்கே திரும்பி இறங்கிவிடும். அப்போது வாங்குபவர்களின் பார்வை அடுத்த தலைமுறையின் நினைவுக்கு, அதாவது 1963 முதல் 1972 வரை வந்த ஜான் டியர் 4020 போன்றவற்றுக்கு நகர்ந்திருக்கும். 4020-இன் நிலை சற்று வேறானது: அதை நினைவுக்காக வாங்குபவரும் உண்டு, வேலைக்காக வாங்குபவரும் உண்டு. இரண்டு வகையினரும் ஒரே வண்டிக்குக் கை தூக்கும்போது விலை எளிதில் சரிவதில்லை.

ஏலத்தில் இந்த இருவரையும் அடையாளம் காண்பது கடினமில்லை. ஒருவர் வந்ததும் ஹைட்ராலிக் நெம்புகோலைத் தூக்கிப் பார்ப்பார், பி.டி.ஓ. சுற்றுகிறதா என்று கேட்பார், பின் டயரில் எவ்வளவு ரப்பர் மிச்சம் இருக்கிறது என்று கட்டை விரலால் அழுத்துவார். மற்றவர் கைக்குட்டையை எடுத்து வரிசை எண் தகட்டின் மேலிருக்கும் தூசியைத் துடைப்பார். முதலாமவர் ஒரு தொகையில் நின்றுவிடுவார்; அதற்கு மேல் கொடுத்தால் வேறு நல்ல வண்டி வாங்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தத் தொகைக்கு மேல் ஏறுவது முழுவதும் நினைவு விலை.

யாருக்கும் நினைவில்லாத டிராக்டர்கள்

அப்படியானால் உயிரோடிருக்கும் எவருடைய நினைவிலும் இல்லாத, நூறு வயதைக் கடந்த டிராக்டர்கள் மதிப்பிழந்திருக்க வேண்டும். சாதாரண வகைகள் பலவற்றுக்கு அப்படித்தான் நேர்கிறது. ஆனால் 1913-ஆம் ஆண்டின் கேஸ் 30-60 ஒன்று 2022-இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 14.7 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகையில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. முதல் உலகப் போருக்கு முந்தைய இத்தகைய பெருவண்டிகளின் இரும்பு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தேவைப்பட்டபோது பெருமளவில் உருக்கப்பட்டதால், தப்பியவை தொழில்நுட்ப வரலாற்றின் சான்றுகளாகிவிட்டன. இங்கே வாங்குபவரின் கண்ணில் டிராக்டர் ஒரு தொல்பொருள். நினைவு மங்கிய பின் விலை தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால், அந்த வண்டி அதன் காலத்தைத் தன் உருவிலேயே காட்டக்கூடியதாகவும் மிகச் சிலவே மிஞ்சியதாகவும் இருக்க வேண்டும். ஃபோர்ட்சன் எஃப்-க்கு முதல் தகுதி உண்டு, இரண்டாவது இல்லை.

அரிது என்பதாலேயே ஒன்று விலை பெற்றுவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் தெரியாத சிறு நிறுவனம் ஒன்று ஐம்பது வண்டிகள் செய்துவிட்டு மூடியிருக்கலாம். அதைத் தேடுபவர் உலகில் இருவர்தான் என்றால், மூன்றாவது வண்டிக்கு விலை இல்லை. அதற்கு உதிரிபாகமும் கிடைக்காது. நல்ல விலை பெறுவது பெரும்பாலும் புகழ்பெற்ற குடும்பத்தின் அரிய பிள்ளைதான். ஜான் டியர் டி வகை 1923 முதல் 1953 வரை 1.6 லட்சம் அளவில் தயாரானது. அவற்றுள் முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில், என்ஜினின் சுழற்சியைச் சீராக்கும் கனமான பறக்கும் சக்கரம் ஆரங்களோடு இருக்கும், பிறகு வந்தவற்றில் முழுத் தட்டாக இருக்கும். அந்த ஆரங்கள் தெரிந்தால் சேகரிப்பாளரின் குரலே மாறிவிடும். போர்க்காலத்தில் ரப்பரும் செம்பும் தட்டுப்பாடானபோது, இரும்புச் சக்கரத்தோடும் பாட்டரி இல்லாமல், காந்தத்தைக் கொண்டு தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோவோடும் வெளிவந்த ஃபோர்டு 2என் வண்டிகளும் அப்படிப்பட்டவையே. அவை அன்று குறைபாடு. பலர் பின்னாளில் ரப்பர் டயருக்கு மாற்றிக்கொண்டுவிட்டதால், மாற்றப்படாமல் தப்பியது இன்று சிறப்பு.

வேறு துறைச் சேகரிப்பாளர்கள் உள்ளே நுழையும்போதும் விலை துள்ளும். 1956 முதல் 1963 வரை ஜெர்மனியில் போர்ஷே என்ற பெயரில் தயாரான சிவப்பு டீசல் டிராக்டர்களைப் பந்தயக் கார் பிரியர்கள் வாங்கித் தங்கள் கார்களுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். 1948-இல் டிராக்டரோடு தொழிலைத் தொடங்கிய லம்போர்கினிக்கும் இதே நிலை. அந்த டிராக்டர்கள் தம் காலத்துப் பிற டிராக்டர்களைவிட இரண்டு மடங்கு நன்றாக உழுதனவா என்று யாரும் கேட்பதில்லை.

லான்ஸ் புல்டாக் இன்னொரு வகைக் காரணத்தால் மதிப்பைக் காத்துக்கொண்டிருக்கிறது: அதைக் கிளப்புவதே ஒரு காட்சி. 1921-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்த இந்த ஒற்றைச் சிலிண்டர் டிராக்டரின் முன்னால் இருக்கும் குமிழை ஊதுவிளக்கால் சிவக்கச் சூடாக்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை அதன் தண்டோடு உருவியெடுத்துப் பக்கவாட்டிலுள்ள பறக்கும் சக்கரத்தில் செருகி முன்னும் பின்னும் ஆட்டிக் கிளப்ப வேண்டும். கண்காட்சியில் ஒரு புல்டாக் கிளம்பும்போது சுற்றிக் கூட்டம் சேராமல் இருப்பதில்லை, அவர்களில் பலருக்கு அதைப் பற்றிய சிறுவயது நினைவு எதுவும் இராது என்றாலும்.

நிலை, பூச்சு, வரிசை எண்

ஒரு வகையின் பொது விலை தெரிந்த பிறகு, கண் முன் நிற்கும் வண்டி அதற்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும். இதில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது புதுப் பெயின்ட். பளபளக்கும் பூச்சுக்கு அடியில் ஒட்டுப்போட்ட விரிசலும் சிமிட்டி போன்ற நிரப்புப் பசையும் இருக்கலாம். குளிர் நாடுகளில் தண்ணீர் வடிக்காமல் விடப்பட்ட என்ஜின் பிளாக், உள்ளே நீர் உறைந்து விரிவதால் வெடித்திருக்கும். பக்கச் சுவரில் கிடையாக ஓடும் பற்றவைப்புத் தடம் அதைக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பின் சக்கரத்தின் வால்வைச் சுற்றிச் சக்கர வளையம் அரித்திருந்தால், எடைக்காக டயருக்குள் நிரப்பப்பட்ட கால்சியம் குளோரைடு கரைசல் கசிந்திருக்கிறது என்று பொருள். வளையமும் டயரும் மாற்றும் செலவு, சாதாரண வகைகளில் வண்டியின் விலையையே எட்டிவிடும்.

மணிநேரம் காட்டும் மானியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பழைய இயந்திர மானிகள் கடிகாரத்தைப் போல் நேரத்தை அளப்பதில்லை. என்ஜின் சுற்றும் சுற்றுகளை எண்ணி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால் இத்தனை மணி என்று காட்டும். மெதுவாக ஓட்டப்பட்ட வண்டியில் ஒரு மணிநேரம் கழிந்திருந்தாலும் மானி அதற்குக் குறைவாகவே ஏறியிருக்கும். இலக்கங்கள் நிரம்பியதும் அது மீண்டும் சுழியத்திலிருந்தும் தொடங்கும். எனவே தேய்ந்து வழுவழுப்பான கிளட்ச் மிதியையும், இழுவைக் கம்பியின் துளை வட்டமாக இருக்கிறதா நீள்வட்டமாகிவிட்டதா என்பதையும் பார்த்து மானி சொல்வதோடு ஒப்பிட வேண்டும்.

புதுப்பித்தால் விலை கூடுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலான வேளைகளில் நேர்மையான பதில், கூடும், ஆனால் செலவழித்த அளவுக்குக் கூடாது என்பதே. டயர், என்ஜின் வேலை, பூச்சு என்று செய்த செலவு லட்சக்கணக்கில் தயாரான ஒரு வகையில் திரும்பி வருவது அபூர்வம். இதைப் புரிந்துகொண்ட சேகரிப்பாளர்கள் வேறு திசையில் நகர்ந்திருக்கிறார்கள்: வெயிலில் வெளுத்தாலும் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருக்கும், ஒட்டிய எழுத்துகள் பாதி தெரியும் வண்டிக்கு இப்போது மரியாதை கூடியிருக்கிறது. புதுப் பெயின்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்; முதல் பூச்சு ஒரு முறைதான் அடிக்கப்படுகிறது. நல்ல பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்து, தன் கையாலேயே விலையைக் குறைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

வரிசை எண்ணுக்கு வருவோம். அது எந்த ஆண்டு, எந்த மாற்று வடிவம் என்பதைச் சொல்லும் ஆவணம். 8என் வண்டிகளில் ஃபங்க் நிறுவனத்தின் மாற்றுப் பாகங்களைக் கொண்டு ஆறு சிலிண்டர் அல்லது வி-8 என்ஜின் பொருத்தப்பட்டவை சிறு எண்ணிக்கையிலேயே இருந்தன; அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதால் பிற்காலத்தில் புதிதாகச் செய்யப்பட்ட பாகங்களைக் கொண்டு உருவானவையும் சுற்றி வருகின்றன. அவை நன்றாக ஓடும், பார்க்கவும் அழகாக இருக்கும், ஆனால் விலை அசலுக்கு உரியதாக இருக்கக் கூடாது. தகட்டின் ஆணி புதிதாக இருப்பதும், எண்ணின் இலக்கங்கள் ஒரே ஆழத்தில் பதியாமல் இருப்பதும் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள்.

விலையைப் படிக்கும் முறை

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. அதை வைத்துச் சந்தையை எடைபோடுவது ஆசையை எடைபோடுவது போன்றது. முடிந்த ஏலங்களின் விலையைப் பார்க்க வேண்டும், அதிலும் ஒரே ஒரு ஏலத்தை அல்ல. பிடிவாதமான இருவர் ஒரே நாளில் வந்துவிட்டால் போதும், சாதாரண வண்டியும் செய்தியாகும் விலைக்குப் போய்விடும். அவர்களில் ஒருவர் மழையால் வராமல் போயிருந்தால் அதே வண்டி பாதி விலையில் முடிந்திருக்கும். ஒரே வகையில், ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள ஐந்தாறு விற்பனைகளின் நடுவிலைதான் கொஞ்சமாவது நம்பத்தக்கது.

விளைபொருள் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேகரிப்பாளர்களில் பெரும்பகுதியினர் விவசாயிகளோ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களோதான். தானியம் நல்ல விலைக்குப் போன ஆண்டில் அவர்கள் புதிய டிராக்டரும் வாங்குவார்கள், தந்தையின் பழைய டிராக்டரையும் தேடுவார்கள். மோசமான ஆண்டுகளில் உழைப்பு விலை ஓரளவு தாங்கும், ஏனெனில் புதியது வாங்க முடியாதவர்கள் பழையதற்கு வருவார்கள். நினைவு விலைதான் முதலில் அடிபடும்.

பணவீக்கத்தை மறப்பது இன்னொரு பொதுவான பிழை. ஒருவர் 100-க்கு வாங்கிய டிராக்டரை இருபது ஆண்டுகள் கழித்து 150-க்கு விற்றுவிட்டு ஐம்பது இலாபம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறியிருந்தால், இருபது ஆண்டுகளில் 100-க்குச் சமமான தொகை ஏறத்தாழ 181 ஆகிவிடும். அவர் கையில் வந்த 150, வாங்கிய நாளின் பணமதிப்பில் 83 தான். இடையில் போட்ட பாட்டரி, டயர், கொட்டகைக் கூரை ஆகியவை இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. முதலீடாகப் பழைய டிராக்டர் வாங்கப் போகிறேன் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டு, ஓட்டும் ஆசை இருக்கிறதா என்று கேட்பதுதான் என் வழக்கம்.

இனி வரப்போகும் வண்டிகள்

2000-க்குப் பின் வந்த டிராக்டர்களில் வளரும் குழந்தைகளுக்கும் ஐம்பது வயது ஆகும். அப்போது அவற்றுக்கும் நினைவு விலை பிறக்க வேண்டும். ஆனால் 1940-களின் மேக்னெட்டோவை இன்றும் ஒரு மின்பணியாளர் கம்பி சுற்றி உயிர்ப்பித்துவிடுகிறார். காரணம், அதில் இருப்பவை கம்பியும் காந்தமும் தேய்ந்த முனைகளும் மட்டுமே. கட்டுப்பாட்டுக் கணினியின் சில்லு ஒன்று செயலிழந்து, அதே சில்லு தயாராவதும் நின்று, அதில் எழுதப்பட்ட மென்பொருளும் தயாரித்தவரிடமே பூட்டப்பட்டிருந்தால், நாலு சக்கரமும் நல்ல பூச்சும் உள்ள வண்டியும் கொட்டகையை விட்டு நகராது. அந்த வகைகளில் இறங்கிய விலை அடித்தளத்திலேயே நின்றுவிடலாம். அல்லது மின்னணுப் பலகையை அறிந்தவர்கள் பழைய மெக்கானிக்குகளின் இடத்துக்கு வந்து, மாற்றுக் கணினிகளைச் செய்து தரத் தொடங்கலாம். அப்போது ஏலக் களத்துக்கு வரும் சேகரிப்பாளர் வரிசை எண் தகட்டைத் துடைப்பதற்கு முன், சாவியைத் திருப்பித் திரை ஒளிர்கிறதா என்று பார்ப்பார்.